குளக்கரையில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு

பாகான் செராயில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. 1906இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் கால்வாய்கள் புக்கிட் மேராவிலிருந்து புறப்பட்டு நம் வயல்களின் ஊடே ஓடுகின்றன. தோட்டத்து வாய்க்காலில் விழுந்து எழுந்து நீந்தக் கற்றவர்கள்தான் நம்மில் பழையவர்கள். இன்று அதே வயல்களின் ஓரத்தில் நீச்சல் குளம் வைத்த ஹோம்ஸ்டே வீடுகள் முளைத்துவிட்டன. தைப்பிங்கிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் ஹோட்டல்கள், கொண்டோக்கள், நீர் விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றின் பாதுகாப்பைச் சோதித்து ஆலோசனை சொல்ல ஆள் தேவைப்படுகிறது. நம் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வர விரும்பி என்னிடம் வழி கேட்கிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியைக் குளக்கரையில் கழித்தவன் என்ற உரிமையில் இவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் நீங்கள் காப்பாற்றக் கற்றுக்கொள்ளுங்கள்.

நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. துணியோடு நீந்திப் பாருங்கள். உங்கள் எடையுள்ள ஒருவரை ஆழத்திலிருந்து தூக்கி வந்து கரையில் ஏற்றிப் பாருங்கள். மலேசிய உயிர்காப்புச் சங்கம் நடத்தும் பயிற்சிகளில் சேர்ந்து வெண்கலப் பதக்கத் தேர்வு வரையாவது போங்கள். முதலுதவியும் இதய நுரையீரல் மீட்பும் படித்துச் சான்றிதழ் வாங்குங்கள், காலாவதியாகுமுன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பம்ப் அறையில் ஒரு மழைக்காலம் முழுக்க எடுபிடி வேலை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சம்பளம் குறைவென்று விட்டுவிடாதீர்கள். வடிகட்டியைத் திருப்பிக் கழுவிப் பார்க்காதவன் வடிகட்டியைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது.

சட்டத்தையும் படியுங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களும் இப்போது அதற்குள் வருகின்றன. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். வேலையாட்களோடு, அந்த இடத்துக்கு வந்து போகிறவர்களும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருக்கிறார்கள் என்பதை முதலாளிகள் பலர் அறியவில்லை. நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கொண்டோ என்றால் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ரேட்டா நிர்வாகச் சட்டத்தையும் புரட்டுங்கள். பொதுக் குளம் யார் பொறுப்பு என்பது அதில்தான் தெளியும். அந்தந்த ஊரின் மன்றம், நம் பக்கம் என்றால் கிரியான் மாவட்ட மன்றம், என்ன கட்டளை வைத்திருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு வாங்கி வையுங்கள்.

2. குளத்தைப் பார்க்குமுன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பாருங்கள்.

இந்த வேலையில் ஆகப் பெரிய பாடம் இதுதான். புதிதாக வருகிறவர்கள் போன உடனேயே அளவுநாடாவை எடுக்கிறார்கள்; ஓடு உடைந்திருக்கிறதா, ஏணி ஆடுகிறதா என்று பார்க்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். காவலுக்கு நிற்பவர் எங்கே பார்க்கிறார்? எத்தனை தடவை கைப்பேசியை எடுக்கிறார்? துண்டு கொடுக்கவும் சாய்வுநாற்காலி துடைக்கவும் அவரையே அனுப்புகிறார்களா? அவர் சாப்பிடப் போனால் அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள்? மாலை நான்கு மணி வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும்போது அவர் நிற்கும் இடத்திலிருந்து குளத்தின் அடி தெரிகிறதா? நீங்களே அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நம் சினிமாக்கள் பழக்கிவிட்டன. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, உண்மையான மூழ்கல்களைப் படம் பிடித்து ஆராய்ந்து வேறொன்றைக் காட்டினார். மூழ்குகிறவரால் கத்த முடியாது. மூச்சுக்கே வாய் போதவில்லை. கையை ஆட்ட முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்துகின்றன. உடல் நேராக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 விநாடி. அதன் பிறகு தலை உள்ளே போய்விடும். பக்கத்தில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் தேர்ந்த காவலர்களை 10 விநாடிக்குள் தம் பகுதி முழுவதையும் கண்ணால் சுற்றி வரவும், கண்ட ஆபத்தை அடுத்த 20 விநாடிக்குள் எட்டவும் பழக்குகிறார்கள். உங்கள் சோதனையில் இந்த இரண்டு எண்களையும் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். எட்ட முடியவில்லை என்றால் இன்னொரு காவலர் வேண்டும், அல்லது குளத்தின் ஒரு பகுதியைக் கயிறு கட்டி மூட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில் நான்காம் வகுப்புப் படித்த சிறுவன் நீச்சல் வகுப்பின்போதே இறந்துபோனான். யாரும் இல்லாத இரவில் நடந்ததல்ல அது. பட்டப்பகலில், வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில். ஆள் இருப்பதும் கண் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியாது.

நம் குடும்ப விசேஷங்களையும் இங்கே சொல்ல வேண்டும். தீபாவளிக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ குளம் வைத்த வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம். நாற்பது பேர் கூடியிருக்கிறார்கள். அம்மா, அத்தை பார்க்கிறார் என்று நினைக்கிறாள்; அத்தை, மாமா பார்க்கிறார் என்று நினைக்கிறாள்; மாமா கோழி வாட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டம் கூடக் கூடக் காவல் குறைகிறது. இதற்கு நான் சொல்லிவரும் வழி ஒன்று உண்டு. கழுத்தில் மாட்டும் ஓர் அட்டை செய்து வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். அதை மாட்டியிருக்கும் பெரியவர் கால்மணி நேரம் வேறெதுவும் செய்யக்கூடாது: பேச்சு, சாப்பாடு, கைப்பேசி எதுவும் கூடாது. நேரம் முடிந்ததும் அட்டையை அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். மது அருந்தியவர் கழுத்துக்கு அது போகக்கூடாது. சில காசில் முடியும் காரியம் இது.

பையன்கள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்குகிறவன், மூச்சு முட்டுவது தெரியாமலேயே தண்ணீருக்குள் நினைவிழக்கிறான். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைதான் இப்படிச் சாகிறது.

3. வேலியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த வயதுக் குழந்தை நீந்தப் போவதில்லை. பந்தை எடுக்கப் போகிறது, மினுக்கும் தண்ணீரைத் தொடப் போகிறது. பெரியவர்கள் தூங்கும் காலை ஏழு மணிக்குப் போகிறது. அந்த நேரத்தில் காவலர் கிடையாது. வேலி மட்டும்தான் விழித்திருக்கும்.

ஆஸ்திரேலியர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள். அவர்களுடைய அளவை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: வேலி 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது; கம்பிகளுக்கிடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது; கதவு குளத்துக்கு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும்; எந்த நிலையில் விட்டாலும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும்; தாழ் குழந்தைக் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பிரான்ஸ் 2003 ஜனவரி 3ஆம் நாள் சட்டத்தால் தனியார் குளங்களுக்கும் வேலியோ மூடியோ எச்சரிக்கை மணியோ கட்டாயம் என்று ஆக்கியது. நம் நாட்டில் ஒரு ஹோம்ஸ்டே முதலாளியிடம் வேலி பற்றிப் பேசிப் பாருங்கள். வயல் பார்வை கெட்டுவிடும், படத்துக்கு அழகாக இருக்காது, வாடகைக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பார். பொறுமையாகக் கேளுங்கள். கண்ணாடி வேலி இருக்கிறது, கழற்றி மாட்டும் வலைவேலி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் வேலி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டின் பின்கதவே நேராகக் குளத்துக்குத் திறந்தால் அந்தச் சுவரை வேலியாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. வேலிக் கதவைப் பிளாஸ்டிக் நாற்காலி வைத்துத் திறந்தபடி நிறுத்தியிருக்கிறார்களா பாருங்கள். பல இடங்களில் இருக்கும். வேலியை ஒட்டிப் பூத்தொட்டி, ஏர்கண்டிஷன் பெட்டி எது இருந்தாலும் அது குழந்தைக்கு ஏணி. நகர்த்தச் சொல்லுங்கள். காற்றடித்துக் கையில் மாட்டும் ரப்பர் வளையங்களை நம்பிப் பிள்ளையை இறக்கும் பெற்றோருக்கு, அது விளையாட்டுப் பொருள்தான் என்று எழுதிப் பலகை வைக்கச் சொல்லுங்கள். கடலாழம் போலத் தெரியட்டும் என்று கருநீல ஓடு பதிக்கிறார்கள். அடியில் கிடக்கும் பிள்ளை அந்த நிறத்தில் தெரிவதில்லை. புதுக் குளம் கட்டுகிறவர் உங்களைக் கேட்டால் வெளிர்நிற ஓடுதான் என்று அழுத்தமாகச் சொல்லுங்கள்.

4. உறிஞ்சும் வாயை முழங்காலிட்டுப் பாருங்கள்.

குளத்தின் அடியில் பம்ப் தண்ணீரை இழுக்கும் வாய் இருக்கிறது. அதன் மூடி உடைந்தாலோ திருகு கழன்றாலோ அங்கே ஒட்டிக்கொள்ளும் உடலைப் பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் பெயர்க்க முடியாமல் போகலாம். 2002 ஜூனில் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சுடுநீர்த் தொட்டியில் இப்படித்தான் இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவளுடைய தாய் விடாமல் போராடி, 2007இல் அந்த நாட்டில் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. ஒரே வாயாக இல்லாமல் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி இன்னொன்றும் இருந்தால், ஒன்று அடைபட்டாலும் இழுவை அடுத்ததற்குப் போய்விடும். பழைய குளங்களில் ஒன்றுதான் இருக்கும். பம்பை உடனே நிறுத்தும் சுவிட்ச் கரையிலேயே, பூட்டாத இடத்தில், எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தால் அன்றைக்கே குளத்தை மூடச் சொல்லுங்கள். நாளைக்குப் புது மூடி வரும் என்ற பேச்சை ஏற்காதீர்கள். நம் பெண் பிள்ளைகளுக்கு நீளமான முடி; அதுவும் அந்த வாயில் சிக்கலாம். பின்னிக் கொண்டையிட்டு அல்லது தொப்பிக்குள் செருகித்தான் இறங்க வேண்டும் என்பதை நுழைவாயிலிலேயே சொல்ல வையுங்கள்.

5. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகச் சுத்தம் என்று எழுதாதீர்கள். கலங்கியிருந்தால் திறக்க விடாதீர்கள்.

பிஎச் அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்க வேண்டும். கட்டுறாத குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்பது பொதுக் குளங்களில் வழக்கமாக வைத்திருக்கும் அளவு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிஎச் 7.5இல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கிறது. 8க்கு ஏறினால் அது கால்பங்குக்கும் கீழே போய்விடும். எவ்வளவு கொட்டினாலும் வேலை செய்யவில்லை என்று பராமரிப்பாளர் புலம்பினால் பிஎச்சைப் பாருங்கள். கண்ணெரிச்சலும் கடுமையான மருந்து வாசமும் வந்தால் குளோரின் அதிகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் வாசம் அது. நல்ல குளோரின் போதவில்லை என்று பொருள்.

நம் வட பேராவின் வானத்தையும் கணக்கில் எடுங்கள். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. மத்தியானம் வரை வெயில் குளோரினைத் தின்றுவிடும். மாலையில் கொட்டும் மழை மிச்சத்தையும் நீர்த்துப் போகச் செய்து சேற்றையும் இலையையும் கொண்டுவந்து சேர்க்கும். காலையில் ஒரு தடவை சோதித்துப் புத்தகத்தில் எழுதிவைப்பது நம் ஊருக்குப் போதாது. கரையில் நின்றால் அடியில் உள்ள உறிஞ்சுவாயின் மூடி துல்லியமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், குளோரின் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் குளத்தை மூட வேண்டும். தெரியாத இடத்தில் கிடக்கும் பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது. இடி கேட்டதும் எல்லாரையும் கரையேற்றுவது எழுதி ஒட்டிய விதியாக இருக்க வேண்டும். காவலரின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

6. மருந்து அறையில் வேலை செய்கிறவரின் பெயரைக் கேளுங்கள், அவருடைய மொழியைக் கேளுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போன நம் தாய்மாரும் அக்காமாரும் என்ன மருந்து என்று தெரியாமலேயே அடித்தார்கள். தகரத்தில் எழுதியிருந்ததை அவர்களால் படிக்க முடியவில்லை. படித்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. நகம் விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. தெனாகனித்தா போன்ற அமைப்புகள் ஆய்வு செய்து வெளியிட்டுக் குரல் கொடுத்தும், பாரகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லிக்குத் தடை 2002இல் வந்து, 2006இல் தளர்ந்து, கடைசியில் 2020இல்தான் முழுமையானது.

இன்று ஹோட்டல் மருந்து அறையில் நிற்பவர் வங்காளதேசத்துப் பையன், நேப்பாளி, இந்தோனேசியர். வாளியில் எழுதியிருப்பது ஆங்கிலம். நம் தாய்மார் நின்ற அதே இடத்தில் இன்று அவர் நிற்கிறார். அவரை யாரும் இல்லாதவர் போலத் தாண்டிப் போகாதீர்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் அமிலமும் ஒன்றுபட்டால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைச் சுட்டுவிடும். அந்தத் தூளை டிரைகுளோர் வில்லைகளோடு சேர்த்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஒரே அகப்பையை இரண்டுக்கும் பயன்படுத்துவதே ஆபத்து. தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதை அவர் மொழியில் எழுதி, படமும் வரைந்து, அவரையே செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அறையை விட்டு வெளியே வர வேண்டும். கையுறை, கண்ணாடி, முகமூடி அலமாரியில் பூட்டியிருந்தால் இல்லாததற்குச் சமம். காற்றோட்ட விசிறி ஓடுகிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

7. மின்சாரத்தை மின் பொறியாளரிடம் விடுங்கள். கேள்வியை மட்டும் நீங்கள் கேளுங்கள்.

தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்தில் மின்கசிவுத் தடுப்புச் சாதனம் 10 மில்லியாம்பியரில் துண்டிக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறை. சோதனைப் பொத்தானை உங்கள் கண்ணெதிரே அழுத்தச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கில் நீர் புகுந்திருந்தால் அன்றே துண்டிக்க வேண்டும். விசேஷத்துக்கென்று குளத்தைச் சுற்றி வண்ண விளக்குச் சரமும் ஒலிபெருக்கியும் இழுத்துக் கட்டுவது நம்மவர் வழக்கம். அதற்கு அறிக்கையில் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

8. வீரத்தை வளர்க்காதீர்கள், கழியை வளருங்கள்.

2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங்கில் பழைய ஈயக் குட்டையில் விழுந்த இளைஞனைத் தேடப் போன தீயணைப்பு மீட்புத் துறையினர் ஆறு பேர் நீரிழுப்பில் சிக்கி இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் அவர்கள், பாதுகாப்பு அங்கி அணிந்தவர்கள், கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கியவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் பதறிக் குதிக்கும் தகப்பனின் கதி என்ன? ஒருவர் மூழ்கிய இடத்தில் இருவரை எடுப்பது நம் பத்திரிகைகளில் ஓயாத செய்தி. அதனால் ஒவ்வொரு குளத்திலும் குளத்தின் பாதி அகலத்தையாவது எட்டும் நீண்ட கழியும், கயிறு கட்டிய மிதவை வளையமும் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும். கரையில் படுத்துக்கொண்டு கழியை நீட்டு, எட்டாவிட்டால் வளையத்தை வீசு, அதுவும் முடியாவிட்டால்தான் இறங்கு. அதையும் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். கழியை நீட்டப் பத்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.

கரையேற்றிய பிறகு நடப்பதில் நம்மவர்களிடம் ஒரு பழைய தவறு இருக்கிறது. குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் நேரத்தைக் கொல்கிறது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகவும் வழிசெய்கிறது. மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. மூச்சில்லை என்றால் முதலில் வாய்வழி மூச்சு கொடுத்து, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடர வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 999ஐ அழைக்க வேண்டும். மூளைக்குக் காற்றில்லாமல் நான்கைந்து நிமிடம் போனாலே சேதம் தொடங்கிவிடும். பாகான் செராய்க்கு ஆம்புலன்ஸ் பாரிட் புந்தாரிலிருந்தோ தைப்பிங்கிலிருந்தோ வருவதற்குள் அந்த நேரம் கடந்துபோகும். ஆகவே அந்தக் குளத்தில் வேலை செய்யும் தோட்டக்காரர், சமையற்காரர், பணிப்பெண் எல்லாருக்கும் இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளையையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

9. அறிக்கையில் சுற்றி வளைக்காதீர்கள்.

நாற்பது பக்கம் எழுதினால் முதலாளி முதல் பக்கத்தைத்தான் படிப்பார். ஆகவே முதல் பக்கத்திலேயே மூன்று பிரிவாக எழுதுங்கள்: இன்றே மூட வேண்டியவை, இந்த மாதத்துக்குள் திருத்த வேண்டியவை, அடுத்த பராமரிப்பில் பார்த்துக்கொள்ளக் கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட படம், பொறுப்பானவரின் பதவி, கெடு நாள். மன்றத்துக்கு மலாயில் ஒரு பிரதி, வேலையாட்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு பக்கம். கெடு முடிந்த மறுநாள் திரும்பிப் போய்ப் பாருங்கள். திரும்பிப் போகாத ஆலோசகர் பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்குகிறார்.

வேலி விற்கிறவரிடமும் பம்ப் விற்கிறவரிடமும் தரகு வாங்காதீர்கள். ஒரு தடவை வாங்கிவிட்டால் உங்கள் பரிந்துரை விலைப்பட்டியலாகிவிடும். தேதியை முன்தள்ளிப் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விபத்து நடந்த குளத்துக்கு அதற்கு முந்தைய மாதத்தின் சோதனை அறிக்கை கேட்டு ஒரு விடுதியிலிருந்து என்னிடமே ஆள் வந்தது. அந்தக் கையெழுத்தால் வரும் பணத்தில் வாங்கிய சோறு உடம்பில் ஒட்டாது. பணம் தருகிறவர் முதலாளிதான். ஆனால் நீங்கள் வேலை செய்வது இன்னும் அந்த வாசலுக்கு வராத ஒரு குழந்தைக்காக. அவளுக்காகப் பேச அங்கே உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

10. குளத்தோடு நின்றுவிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் சாவது ஓடு பதித்த குளத்தில் அல்ல. ஆற்றில், கால்வாயில், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டையில். 2009 அக்டோபர் 26 இரவு கம்பார் அருகே குவாலா டிப்பாங்கில் மாணவர் முகாம் நடந்தபோது புதிதாகக் கட்டிய தொங்கு பாலம் அறுந்து பிள்ளைகள் ஆற்றில் விழுந்தார்கள். மூன்று மாணவிகள் இறந்தார்கள். இருட்டில், மிதவை அங்கி இல்லாமல். அந்தப் பெற்றோரை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பள்ளி முகாம் ஆற்றோரம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால் அழைப்புக்குக் காத்திராமல் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் தாய் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஆயா கண்ணில் படாமல் எந்தக் குழந்தையும் வாய்க்கால் பக்கம் போகாது. வங்காளதேசத்தில் ஆஞ்சல் என்ற பெயரில் கிராமத்துக் காப்பகங்களை ஏற்படுத்தி, தாய்மார் வேலையில் இருக்கும் காலை நேரத்தில் சிறு குழந்தைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டபோது மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் இன்று நாடுகளுக்குப் பரிந்துரைக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் சிதறியபோது கொட்டகையும் போய்விட்டது. வாய்க்கால் மட்டும் அப்படியே இருக்கிறது. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பிலோ அந்தக் காவலை மீண்டும் உண்டாக்க முடியுமா என்று நம் சங்கங்களிடம் பேசுங்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஐ மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. அந்த வாரத்தில் உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கழி நீட்டுவதையும் மூச்சு கொடுப்பதையும் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுங்கள். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே உங்களுக்குத் தெரிந்த ஒரு குளத்துக்குப் போங்கள். கதவை அகலத் திறந்து கையை விடுங்கள். அது தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்காதீர்கள்.